வடிகூடை

புகார் எழுதியவன் நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நகராட்சிப் படிவத்தில் ஒரு கட்டம்:
களையின் உயரம் எத்தனை அங்குலம்?
பதினாறு என்று போட்டேன்.
அளந்து பார்க்கவில்லை.

டெல்ஃபினா உர்கிடெஸ்
புல்வெளியைப் பெயர்த்தெறிந்த வருடம் அது.
வாடகைக் கடப்பாரை, அண்ணன் மகனின் லாரி,
மூன்று சனிக்கிழமைகள்.
பிறகு தெருவோரக் கல்லில் ஒரு முழம் அறுத்தெடுத்தாள்,
தெருவில் ஓடும் மழை அவள் வாசலுக்குத் திரும்ப.
எந்த மழை என்றேன்.
டூசான் நகரில், மே மாதத்தில்,
நியாயமான கேள்விதான்.

நட்டதெல்லாம் செத்தது போலவே நின்றது.
சாம்பல் இலை. முள். இலையே இல்லாத பச்சைக் குச்சி.
"ஜூன்ல உயிரோட இருக்கறதுன்னா இப்படித்தான்"
என்று சொல்லிவிட்டு
எட்டாம் எண் பேருந்தை ஓட்டப் போய்விட்டாள்.

பிப்ரவரியில் அந்தச் சாம்பல் மஞ்சளாகப் பூத்தது.
என் ரோஜா இலைகளில்
நாணயம் வைத்து வெட்டியது போல் வட்ட வட்டமாக ஓட்டை.
பழியை அவள் தோட்டத்துத் தேனீ மேல் போட்டேன்.
தேனீதான்.
இரவில் ஹாவலீனாக் கூட்டம் வந்து
சப்பாத்திக்கள்ளியைப் பாதி தின்றுவிட்டுப் போக,
காலையில் அவள் மீதிப் பாதிக்கு
நன்றி சொல்வது போல் நின்றிருந்தாள்.

என் தொழில் நீச்சல் குளம்.
இருபத்திரண்டு ஜூலைகளாக,
முதல் இடிக்கு மறுநாள் காலை
வீடு வீடாய் வடிகூடையைத் திறந்தால்
தேரைகள், வெள்ளை வயிறு மேலே.
பூமிக்கடியில் பத்து மாதம் காத்திருந்து
இடி கேட்டு ஏறி வந்தவை,
தண்ணீர் என்று நம்பி
குளோரினில் குதித்தவை.
சருகோடு பையில் கொட்டிக் கட்டுவேன்.
எண்ணுவதில்லை.

ஜூலை பதினான்கு, நள்ளிரவு.
தெரு ஆறானது.
அறுத்த கல்லின் இடுக்கில் ஆறு திரும்பியது.
கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்குட்டிகள் கத்தின.
எங்கள் தெருவில் ஏது ஆடு?
டார்ச்சோடு போனேன்.
சீருடையைக்கூடக் கழற்றாமல்
கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள்.
"விளக்கை அணைங்க."
அணைப்பதற்குள் பார்த்துவிட்டேன்,
பொன்பச்சை, நடுவே பூனைக்கோடு.
இத்தனை வருடத்தில்
ஒரு தேரையின் கண்ணைத் திறந்து பார்த்தது
அன்றைக்குத்தான்.

மறுநாளே முட்டை. அதற்கடுத்த நாள் தலைப்பிரட்டை.
கால் முளைக்க எட்டு நாளோ ஒன்பதோ.
ஒரு குச்சியை ஊன்றிக் கோடு போட்டாள்.
இரண்டாவது மழை வரவில்லை.
ஏழாம் நாள் தண்ணீர் நாலு விரற்கடை.
ரப்பர் குழாயை இழுத்து வந்தவளை
சுவரேறிக் குதித்துத் தடுத்தேன்.
சோதனைக் குப்பியில் பிடித்துக் காட்டினேன்:
இளஞ்சிவப்பு.
அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.
என் வண்டியில் அதை முறிக்கும் உப்பு இருந்தது.
காலமெல்லாம் குளோரின் போட்ட கை
முதல் தடவையாக எடுத்தது.

"இது ஏமாத்து இல்லையா?
பாலைவனம் குழாயைத் திறக்குமா?" என்றாள்.
"பாலைவனம் கல்லை அறுக்குமா?" என்றேன்.
சண்டை போட்டோம்.
ஆறு வாளியில் மூன்றை ஊற்றினோம்.

ஒன்பதாம் நாள் சேறு வெடித்தது.
நகக்கண் அளவுத் தேரைகள்
வாலை இழுத்துக்கொண்டு முட்செடி நிழலுக்கு நகர்ந்தன.
குழியின் நடுவில், பிந்தியவை
கருப்புக் கூழாய்க் கிடந்தன.
வளைமூக்குப் பறவையொன்று நிதானமாக நடந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்கியது.
விரட்டக் கையை ஓங்கினேன். பிடித்துக்கொண்டாள்.
"அதுவும் இந்த வீட்டு ஆள்தான்."

ஆகஸ்டில் அதிகாரி டேப்போடு வந்தார்,
என் படிவத்தை மடித்துப் பிடித்தபடி.
செடி இருபது அங்குலம்.
நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

இப்போதெல்லாம் நான் பார்க்கிற குளங்களில்
ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறேன்.
வீட்டுக்காரர்கள் கேட்டால்
பம்புக்கு நல்லது என்று பொய் சொல்கிறேன்.
ஆனாலும் விழுகின்றன.
இந்த ஜூலையில் பதினொன்று.